என் தங்கை அடித்த பந்தும் நான் உடைத்த பூசணிக்காயும்

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது சரியாகப் பாதி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பாதிதான். திண்டுக்கல்லிலிருந்து எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் மாலை ஐந்தே காலுக்கு. அதை விட்டால் சாணார்பட்டி ரோட்டில் நடராஜா சர்வீஸ். அதனால் பார்த்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் இடைவேளையோடு முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவன் நான். அரைகுறை வைத்தியம் ஆளைக் கொல்லும் என்பார்கள். என் அரைகுறை ஞானம் என் தங்கையின் வாழ்க்கையைக் கிட்டத்தட்டக் கொன்றே விட்டது.

தங்கை பெயர் அழகம்மாள், எங்களுக்கு அழகு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிடும். மேலே படிக்க அவளைத் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளி ஆஸ்டலில் சேர்த்திருந்தோம். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு டிரில் டீச்சர். பெண் பிள்ளைகளுக்கு வளையப்பந்து போதும் என்று மற்ற பள்ளிகளெல்லாம் இருந்த அறுபதுகளின் தொடக்கத்தில், "ஏன், இவங்களுக்குக் காலு இல்லையா?" என்று கேட்டு ஒரு தோல் பந்தை வாங்கி மைதானத்தில் போட்டவர். அழகு முதல் நாள் உதைத்த உதையில் அந்தப் பந்து ஆஸ்டல் அடுப்படிக்குள் போய் ரச அண்டாவில் விழுந்ததாம். அன்றைக்கு முந்நூறு பிள்ளைகளும் தோல் வாசனையோடு ரசம் குடித்தார்கள் என்பாள். (இருபது பிள்ளைகள் என்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் என் தங்கை, எனக்குச் சளைத்தவள் அல்ல.)

மண்டியில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு, சாயங்காலம் பள்ளிச் சுவரை எட்டிப் பிடித்து அவள் ஆடுவதைப் பார்ப்பேன். பாவாடைக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெறுங்கால். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் முனகுகிற பிள்ளை, பந்து காலுக்கு வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். ஆனால் அவள் கோல் போடுவதெல்லாம் பிற்பாதியில்தான். அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் வைகாசியில் கல்யாணம் என்று அய்யா முடிவு செய்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் எங்கள் தோட்டத்துக்கே வந்தார். மதுரைப் பள்ளி ஒன்றோடு பந்தாட்டம் நடக்கப்போகிறது, அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா வருகிறார், பெண்களுக்கு டிரில் டீச்சர் படிப்பு நடத்துகிறவர், அழகின் ஆட்டம் பிடித்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம், முடித்தால் வேலை என்று விளக்கினார்.

அய்யா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஓடியாடுறதுக்குச் சம்பளமா? நாங்க காலம்பூரா மாட்டுக்குப் பின்னாடி ஓடுறோம், ஒரு பய குடுக்கலையே."

"உங்க மகளுக்குக் குடுப்பாங்க ஐயா."

"சரி. அந்தம்மா வாயால சரின்னு சொன்னா போகட்டும். இல்லாட்டி வைகாசிதேன். அதுக்கு மேல எங்கிட்ட பேச்சு இல்ல."

அன்று மாலை அழகு என்னிடம் வந்தாள். "அண்ணே, கல்யாணமே வேணாம்னு நான் சொல்லல. இப்ப வேணாம். பந்து காலுல இருக்கும்போது எனக்கு யாருகிட்டயும் பயமே இல்லண்ணே. அத விட்டுட்டு என்னால போக முடியாது" என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கு அவளைவிட மூன்று வயதுதான் அதிகம். ஆனால் அந்த நிமிஷம் முப்பது வயது கூடிவிட்டதுபோல் நெஞ்சு நிமிர்ந்தது. அவளுடைய மானேஜராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவளுக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டே நாளில் சரியாகிவிட்டாலும் ஆத்தா விடவில்லை. "பொம்பளப்புள்ள காலத் தூக்கி ஓடுறத ஊரே வாயப் பொளந்து பாக்குது. அம்புட்டுக் கண்ணும் எம்புள்ள காலுலதேன் கெடக்கு" என்று, கிணற்றுமேட்டில் விளைந்ததிலேயே பெரிய வெள்ளைப் பூசணிக்காயாகப் பறித்து என் கையில் கொடுத்தாள். "பள்ளிக்கூடத்துக்கு முன்னால முச்சந்தி இருக்குல்ல, அங்கன சுத்தி ஒடச்சுட்டுப் போ" என்பது அவள் உத்தரவு.

அத்தோடு நான் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. மானேஜருக்கு மூளை வேலை செய்தது. முச்சந்திக்கு லாரி வரும், வண்டி வரும். பந்தாட்டத்துக்குக் கண்படுகிற இடம் எது? கோல்! நம் கோலுக்கு நேராக உடைத்தால் அல்லவா திருஷ்டி கழியும்?

ஆட்டத்தன்று பஸ்ஸை நம்பாமல் நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தோம். மெட்ராஸ் அம்மாவை வரவேற்க எல்லோரும் வாசலுக்குப் போன சமயம் பார்த்து, கோல் காக்க நின்ற பிள்ளையிடம், "நம்ம கோலு எது பாப்பா?" என்று கேட்டேன். புளியமரத்துப் பக்கத்தைக் காட்டினாள். கம்பத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் நின்று, குங்குமம் நிரப்பிய காயின் மேல் சூடம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கி ஒரே போடு. பூசணி சுக்குநூறாகச் சிதறியது. அந்தப் பிள்ளை பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விசிலோடு வந்த ரெஃப்ரி, "யோவ், என்னய்யா இது?" என்று கத்திவிட்டுப் பெரிய துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினார். விதையும் காய்க்குள் இருந்த சோறும் குங்குமத் தண்ணீரும் மண்ணோடு குழைந்து அங்கேயே கிடந்தன.

முற்பாதியில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மதுரை அணியின் முன்னணி ஆட்டக்காரி, நல்ல உயரம், பந்தோடு பறந்து வந்தாள். எங்கள் கோலுக்கு நேரே வந்ததும் சர்ரென்று உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்தவள் அவள் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக ஒருத்தி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்தாள்.

"பாத்தீங்களா அய்யா? நம்ம தோட்டத்துக் காயி!" என்றேன்.

அய்யா மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "நாட்டு விதைங்க" என்றார்.

இடைவேளை வந்தது. எனக்கு இடைவேளைக்குப் பிறகு கால்பந்து எப்படி இருக்கும் என்பதே தெரியாது. பிள்ளைகள் எலுமிச்சம்பழத்தைச் சப்பிவிட்டு மறுபடி இறங்கினார்கள். பார்த்தால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக் கட்டடத்துப் பக்கமாக நடக்கிறார்கள். ஓடிப்போய் அழகை மறித்தேன்.

"ஏத்தா, அங்கிட்டு எங்க போற? நம்ம கோலு இங்கிட்டுல்ல இருக்கு?"

"பாதி ஆட்டம் முடிஞ்சா பக்கம் மாத்துவாங்கண்ணே. இம்புட்டு நாளா பாக்குற, இது தெரியாதா?" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

அப்படியானால் இனி அவள் கோல் போட ஓடி வரவேண்டியது பூசணி கிடக்கும் பக்கம்! அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மானேஜர் தன் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்வதா? நேரே ரெஃப்ரியிடம் போய், "சார், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் மாத்தாம ஆடலாமா?" என்று கெஞ்சினேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் விசிலை ஊதினார்.

சிறிது நேரத்திலேயே அழகு பந்தோடு புளியமரத்துப் பக்கம் வந்தாள். இரண்டு பேரைத் தாண்டினாள். இன்னும் ஒரு அடி வைத்தால் கோல். அந்த அடியை நேராகப் பூசணியில் வைத்தாள். கால் வழுக்கிய வேகத்தில் முழங்கை தேய விழுந்தாள். நாற்காலியில் இருந்த மெட்ராஸ் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டில் ஏதோ எழுதினார். அவர் எழுதியது எனக்குத் தெரியாது. ஆனால் 'வைகாசி' என்று எழுதியதாகவே எனக்குப் பட்டது. எழுந்து நின்ற அழகு, ரத்தம் வழிந்த முழங்கையைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து மறுகோடிக்குப் போயிற்று. எல்லோரும் அங்கே. இதைவிட்டால் சமயம் கிடைக்காது என்று மைதானத்துக்குள் ஓடினேன். மதுரை அணியின் கோல் காக்கிற பிள்ளை என்னைப் பள்ளி வாட்ச்மேன் என்று நினைத்திருக்க வேண்டும், பேசாமல் வழிவிட்டாள். மண்டியிட்டுத் துண்டால் துடைத்தேன். பூசணிச் சோறு துண்டுக்கு அடங்குகிற சரக்கா? யோசிக்க நேரமில்லை. இடுப்பில் இருந்த எட்டு முழ வேட்டியை உருவினேன். பட்டாப்பட்டி டிராயரோடு, ஒரு பெண்கள் பள்ளி முழுவதும் வேடிக்கை பார்க்க, கோலுக்கு முன்னால் வீடு மெழுகுகிறவன்போல் மெழுகித் தள்ளினேன்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. என் தியாகத்தைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன்.

பந்து வந்துகொண்டிருந்தது. அழகு இருபது கஜத்திலிருந்து அடித்த பந்து. கோலுக்கு நேர் நடுவே போகவேண்டிய பந்து. காப்பதற்கு நின்ற பிள்ளை பயந்து ஏற்கெனவே ஒதுங்கிவிட்டாள். அந்தப் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருள் என் மூக்கு.

விழித்தபோது வானமும் புளியங்கிளையும் தெரிந்தன. ரெஃப்ரி யாரிடமோ, "வெளியாள் மேல பட்டுடுச்சு, கோல் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தின் வாயைக் கட்டியிருந்த தோல் வார் என் கன்னத்தில் முடிச்சோடு அச்சாகப் பதிந்திருந்தது. அய்யா குனிந்து பார்த்தார்.

"ஏலே, நீ எந்தக் கட்சிடா?"

அழகு தன் வெள்ளைச் சட்டையின் நுனியால் என் மூக்கு ரத்தத்தை ஒற்றினாள். "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். அடி வாங்கிய மூக்குக்குக்கூட அது நிம்மதியாக இருந்திருக்கும். நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது. வேட்டியைச் சுற்றிக்கொண்டு மரத்தடியில் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸ் அம்மா வந்தார்.

"யாரும்மா இது?"

"எங்க அண்ணன், டீச்சர்."

"அண்ணனா!" என்றவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கத்தரிக்காயில் புழு பார்ப்பதுபோல மூக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துல இருந்து அடிச்சே?"

"அந்தா, அந்தக் கோட்டுக்கிட்ட இருந்து."

"வெறுங்காலாலயா?"

"ஆமா டீச்சர்."

இன்னொரு தடவை என் மூக்கைப் பார்த்தார். பிறகு அய்யா பக்கம் திரும்பி, "ஜூன் மாசம் பொண்ணை அனுப்பி வைங்க" என்றார்.

அய்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கோலே போடலையேம்மா?"

"போட்டா. உள்ளே போகலை, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. பொண்ணை அனுப்புங்க, அண்ணனை மட்டும் அனுப்பாதீங்க."

அந்த நிபந்தனையை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். மெட்ராஸில் அப்போது பெண்களுக்கு ஹாக்கிதான். ஆள் பிடித்து, கெஞ்சி, சண்டை போட்டு, பதினோரு பேரைச் சேர்த்துக் கால்பந்து ஆட வைத்தவள் அழகுதான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு கார்டு வரும். யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள், எந்தக் காலால் அடித்தாள் என்று இண்டு இடுக்கு விடாமல் நுணுக்கி எழுதியிருப்பாள். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அவள் போட்ட கோல்களையெல்லாம் நான் படித்தேன். பார்த்தது ஒன்றுகூடக் கிடையாது. என் கண்ணெதிரே போயிருக்க வேண்டிய ஒன்றையும் நானே தடுத்துவிட்டேன். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். அவளிடம் சொன்னதில்லை.

அழகு டிரில் டீச்சராகி, கல்யாணம் கட்டி (அவள் சொன்ன வருஷத்தில், அவள் சொன்ன ஆளை), எத்தனையோ பிள்ளைகளை மைதானத்தில் ஓட வைத்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். போன பொங்கலுக்கு எல்லோரும் அவள் வீட்டில் கூடியிருந்தோம். பந்து விளையாடப் பழகும் அவள் பேத்தி, அலமாரியில் இருந்த கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "பாட்டி, நீ ஆடுனதுலயே உன் பந்தைத் தடுத்த பெரிய கோல்கீப்பர் யாரு? மெட்ராஸ்காரங்களா?"

அழகு குழம்புக் கரண்டியை வைக்காமலே என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தா, சோறு தின்னுக்கிட்டு இருக்காரு பாரு."