இருபத்தைந்தாவது ஆள்

போட்டி தொடங்க இன்னும் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தது. பாலத்தில் ஒரு சிப்பாயைக் காணவில்லை.

எக்ஸ்ரேக்காரர் இடமிருந்து வலமாக எண்ணினார். இருபத்து மூன்று. வலமிருந்து இடமாக எண்ணினார். அப்போதும் இருபத்து மூன்றுதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருமுறை எண்ணினார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களிடம் அவர் சொல்வது அதைத்தான். தனக்கு அதனால் ஒரு பலனும் இல்லை என்று கண்டார்.

"யாராவது மேஜையைத் தொட்டீங்களா?"

"நாலு மாசமா அந்த மேஜையில ஒரு தட்டு வைக்க வழியில்ல. மடியில வச்சுத் தின்னுக்கிட்டிருக்கோம். இதுல தொட்டீங்களான்னு ஒரு கேள்வி," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

சாப்பாட்டு மேஜை முழுவதையும் போர்க்களம் பிடித்திருந்தது. தெர்மாகோலில் செதுக்கிய கரைகள், நடுவில் உறைந்த ஆறு, அதன் மேல் மரப்பாலம். பாலத்தின் இந்த முனையில் ஒரு மெஷின்கன். எங்கு பார்த்தாலும் முழங்கால் அளவு பனி. அந்தப் பனி, வெள்ளைப் பசையில் குழைத்த சமையல் சோடா. மேஜையின் கோடியில், சண்டைக்குச் சம்பந்தமில்லாமல், தீக்குச்சிகளால் கட்டிய ஒரு வைக்கோல் கொட்டகை.

அது அவருடைய அப்பா போட்ட சண்டை. இருபத்து நாலு பேர் அந்தப் பாலத்தை ஒரு பகல் முழுக்கப் பிடித்து வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று பேர் செத்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு வந்து, பதக்கம் வாங்கி, கல்யாணம் செய்து, எக்ஸ்ரேக்காரரைப் பெற்றார். தெருவில் அப்பாவுக்குப் பேரே பாலத்துக்காரர்தான். பாலத்துக்காரர் மகன் என்றதும் எக்ஸ்ரேக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சு கிடைத்தது. வேலைக்கான நேர்காணலில் அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். பாலத்துக்காரர் மட்டும் பாலத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. தன்னடக்கம் என்றார்கள்.

போன மாதம் அப்பாவின் மார்பை எக்ஸ்ரேக்காரரே படமெடுத்தார். நுரையீரலில் ஒரு நிழல் இருந்தது. அது என்னவென்று அவருக்கு டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். அடுத்த வருடப் போட்டிக்கு அப்பா இருக்கமாட்டார். ஒரே ஒரு தடவை, அப்பா உட்கார்ந்திருக்க, ஒரு மண்டபம் எழுந்து கைதட்ட வேண்டும். அவருக்கு வேறு ஆசையில்லை.

ஆனால் போர்க்களப் பொம்மைப் போட்டியின் உண்மைச் சம்பவப் பிரிவுக்கு ஒரு விதி உண்டு. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்தாலும் வெளியே. விண்ணப்பத்தில் அவர் 'நம் தரப்பு: 24. எதிரிகள்: பலர்' என்று எழுதியிருந்தார்.

காணாமல் போனவன் சாதாரண ஆளில்லை. மெஷின்கன்னுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, குண்டுப் பெட்டியை இரண்டு கையாலும் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தவன். அவன்தான் அப்பா.

மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, பெட்டி இங்க கிடக்கு," என்றாள். அரிசி அளவு குண்டுப் பெட்டி பனியில் கவிழ்ந்து கிடந்தது.

"பெட்டியைப் போட்டுட்டு ஆள் எங்க போனான்?"

"பாத்ரூம் போயிருப்பாரு."

மேஜைக்கு அடியில் தேடினார்கள். மெத்தைகளைப் புரட்டினார்கள். குப்பைக்கூடையைத் தாளில் கொட்டி விரலால் அளைந்தார்கள். கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை. சண்டை நடக்கும் நேரத்தில் அங்கே எந்தச் சிப்பாய்க்கும் வேலையில்லை.

அப்பா ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மூன்று நாளாக ஒரே மழை.

"அப்பா, நீங்க பார்த்தீங்களா?"

அப்பா பாலத்தை வெகுநேரம் பார்த்தார். "பனியில ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது," என்றார்.

நாலு மாதமாக அப்பா சொன்னதெல்லாம் இந்த மாதிரிதான். பனி எவ்வளவு ஆழம்? நிறைய. எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தான்? அந்தப் பக்கம். கொட்டகையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். இடது சுவரில் மூன்று பலகை கிடையாது. உள்ளே உடைந்த வண்டிச் சக்கரம். கதவோரம் ஒரு பால் கேன். கேனின் மூடியில் பள்ளம். எக்ஸ்ரேக்காரர் அவ்வளவையும் ஒன்றுவிடாமல் செய்து வைத்திருந்தார்.

அப்போது பூனை சோபாவின் கீழிருந்து வந்து, யாரையும் பார்க்காமல் மீசையை நக்கியது.

"இதுதான்," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

அன்று சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் அரை நாள்தான் வேலை. பூனையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப்போனார். கூட்டம் குறைந்ததும் அதை மேஜையில் படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அது அவர் முழங்கையைப் பிராண்டியது. படத்தில் சிப்பாய் இல்லை. ஒரு தோட்டுத் திருகாணி இருந்தது.

வீட்டில் மனைவி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அது போன வாரம் நாத்தனார் வந்துபோன அன்று காணாமல் போன திருகாணி. அன்றிலிருந்து அவள் நாத்தனாரோடு பேசவில்லை.

"இப்ப நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்க தங்கச்சிக்குப் போன் பண்றது?"

"அதை விடு. சிப்பாய் இல்லையே."

"அப்பா," என்றாள் மகள். "பிளாஸ்டிக் பொம்மை எக்ஸ்ரேல தெரியாதே. எங்க ஸ்கூலுக்கு வந்து நீங்கதானே சொன்னீங்க."

எக்ஸ்ரேக்காரர் கையில் மருந்து போட்டுக்கொள்ளப் போனார்.

போட்டிக்குப் பதினெட்டு மணி நேரம் இருந்தபோது மகள் ஒரு வழி சொன்னாள். "எதிர்க்கட்சியிலேருந்து ஒருத்தரை இழுத்துக்கலாம்பா. 'பலர்'னுதானே எழுதியிருக்கீங்க. யார் எண்ணப் போறா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மண்டியிட்டிருந்த ஒரு எதிரியைப் பெயர்த்தெடுத்து, சாம்பல் நிறக் கோட்டில் பழுப்புச் சாயம் அடித்தார். அரை மணி நேரத்தில் அவன் கட்சி மாறினான்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இது யாரு?"

"நீங்கதான்பா."

"முகம் வேற மாதிரி இருக்கே."

"கடுகளவு முகம்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

அப்பா இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "அந்த ஆளை விட்டுடேன். அவன் இல்லாட்டியும் சண்டை நடந்திருக்கும்."

எக்ஸ்ரேக்காரர் சாயப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மனைவியிடம் போய், "பார்த்தியா? இப்பவும் தன்னைப் பெருமையா ஒரு வார்த்தை சொல்லிக்க மாட்டேங்கறார்," என்றார்.

புது ஆளும் தொலைந்துவிடக் கூடாது. அதனால் சூப்பர் குளூவில் ஒட்ட முடிவு செய்தார். சூப்பர் குளூவில் சமையல் சோடா பட்டால் நொடியில் கல்லாகிவிடும், புகையும், சுடும். டியூபின் மேல் அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. சிப்பாய் பனியோடு ஒட்டிக்கொண்டான். எக்ஸ்ரேக்காரரின் கட்டைவிரல் சிப்பாயோடு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, என்ன புகை?"

"சண்டை," என்றார் எக்ஸ்ரேக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி வந்து பார்த்தாள். புருஷன் போர்க்களத்தின் மேல் குனிந்தபடி, கட்டைவிரலைப் பாலத்தில் ஊன்றி, அசையாமல் நின்றார்.

"இழுத்தா வராதா?"

"இழுத்தா பாலமும் வரும்."

"இருங்க, நெயில் பாலிஷ் ரிமூவர் கொண்டுவரேன். அதுல இந்தப் பசை விட்டுடும்."

விட்டது. மனைவி பாட்டிலைச் சாய்க்கச் சாய்க்க, கட்டைவிரல் பைய விடுபட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாலு மாதத்தில் அந்த மேஜையருகே அவர்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

அந்த ரிமூவர் தெர்மாகோலையும் கரைக்கும்.

சத்தமே இல்லை. மெஷின்கன்னின் கீழிருந்த கரை மெல்ல உள்வாங்கியது. முதலில் கட்சி மாறியவன் போனான். அடுத்து, மெஷின்கன்னைப் பிடித்தபடியே சுடுபவன் போனான். பக்கத்திலிருந்தவன் கொஞ்ச நேரம் ஒருக்களித்து நின்று யோசித்துவிட்டு, அவனும் இறங்கினான். டம்ளர் அகலத்துக்கு ஒரு குழி. அடியில் சாம்பல் நிறக் கூழ்.

"குண்டு விழுந்த பள்ளம்னு சொல்லிடலாம்," என்றாள் மகள்.

"குண்டு விழலை. தாத்தா நடந்ததைத்தான் செய்யணும். உண்மைச் சம்பவம்," என்றார் எக்ஸ்ரேக்காரர்.

கடைசியில் மழையில் நனைந்துகொண்டு போய், கடையிலிருந்த சமையல் சோடாவை எல்லாம் வாங்கிவந்து குழியை மூடினார். மனைவியிடம் சொன்னார். "மூணு பேரும் பனிக்கு அடியில இருக்காங்க. பொய்யில்லையே. அடியிலதானே போனாங்க?"

"உங்கப்பாவும் அதுல ஒருத்தர்," என்றாள் மனைவி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேக்காரர் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்துப் பனியைச் சமமாகத் தடவிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மண்டபத்தில் ஈரக் குடைகளின் வாடை. நாற்பது மேஜைகள், நாற்பது போர்க்களங்கள். தங்கள் மேஜையருகே ஒரு நாற்காலி போட்டு அப்பாவை உட்காரவைத்தார்கள். ஸ்வெட்டரில் பதக்கத்தை எக்ஸ்ரேக்காரர்தான் குத்திவிட்டார். அப்பா அதை இரண்டு தடவை கம்பளியால் மூடினார். இரண்டு தடவையும் மருமகள் விலக்கிவிட்டாள்.

"தெரியட்டும் மாமா."

நடுவருக்குப் போட்டிக்காரர்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. கையில் அதுவும், சட்டைப் பையில் பேனா அளவு டார்ச்சும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் குனிந்து பேனா முனையால் எண்ணினார்.

"இருபத்தொண்ணு. நீங்க இருபத்து நாலுன்னு எழுதியிருக்கீங்க."

"மூணு பேர் பனிக்கு அடியில இருக்காங்க சார்."

"மூணு பேரா? யார் யாரு?"

"மெஷின்கன்காரர், அவர் பக்கத்துல ஒருத்தர், அப்புறம்…" எக்ஸ்ரேக்காரர் பனியைப் பார்த்தபடி சொன்னார். "அப்புறம், எங்க அப்பா."

"உங்கப்பா இதோ உக்காந்திருக்காரே?"

"புதைஞ்சார் சார். கரை சரிஞ்சு விழுந்தது. மணிக்கணக்கா அடியிலேயே கிடந்தார். அப்புறம் தானே தோண்டிக்கிட்டு மேல வந்தார்."

வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் டாங்கிகளை விட்டுவிட்டு வந்தார்கள். கூட்டம் சேரச் சேரப் பனியின் ஆழமும் கூடியது. அப்பாவின் கையில் குண்டுப் பெட்டி இருந்ததென்றும், புதைந்த பிறகும் அதை அவர் விடவில்லையென்றும் எக்ஸ்ரேக்காரர் சொன்னபோது மகள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பெட்டி அவள் சட்டைப் பையில் இருந்தது.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அடுத்து இன்னொருவர். பிறகு மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

எக்ஸ்ரேக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அவர் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. அப்பா யாரையும் பார்க்கவில்லை. மேஜையின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி மட்டும் கைதட்டவில்லை. கொட்டகை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. "மூணு பலகை பேர்ந்திருக்கு. பால் கேன் மூடியில பள்ளம். பிரமாதம் சார், நேர்ல பார்த்தவங்களாலதான் இப்படிச் சொல்ல முடியும்," என்று முணுமுணுத்தபடி டார்ச்சை எடுத்து பலகை இடுக்கில் அடித்தார். அப்படியே நின்றார்.

"உள்ள ஒரு ஆள் இருக்கானே?"

"இருக்காது சார். அது சும்மா காலிக் கொட்டகை."

"நீங்களே பாருங்க. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால, சுவத்தைப் பார்த்து மண்டிபோட்டு உக்காந்திருக்கான். ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு."

எக்ஸ்ரேக்காரர் குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் பழுப்புக் கோட்டு. தூக்கிய இரண்டு கைகள். கைகளில் பெட்டி இல்லை.

கைதட்டல் ஓய்ந்தது. பூதக்கண்ணாடி விண்ணப்பத்தை மறுபடி எடுத்தார். "வெளியே இருபத்தொண்ணு. பனிக்கடியில மூணு. இங்க ஒண்ணு. ஆக, இருபத்தஞ்சு. ஒருத்தர் அதிகமா வராரே சார். யார் இவர்?"

எக்ஸ்ரேக்காரர் விண்ணப்பத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஸ்வெட்டரிலிருந்து பதக்கத்தைக் கழற்றிக் கொட்டகை வாசலில், பால் கேனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அது நான்தான் தம்பி," என்றார் நடுவரிடம். "சண்டை முடியற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்."