விசைப்பலகைக்கு ஒரு பிழைதிருத்தம்

“எல்லா பட்டனும் வேலை செய்யுதா?”

செல்பேசியில் கேள்வி வந்து நின்றது. கேட்டவர் யாரோ எவரோ. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.

மகளின் பழைய விசைப்பலகையை இலவசமாகத் தருவதாக ப்ரூஃப் ரீடர் காலையில்தான் இணையக் குழு ஒன்றில் எழுதியிருந்தார். மனமொப்பியா எழுதினார்? “பொண்ணு வெளியூர் வேலைக்குப் போய் மூணு வருஷமாச்சு. இதைத் துடைச்சுக்கிட்டே எத்தனை நாள் உட்காருவீங்க? யாருக்காவது கொடுத்துத் தொலைங்க” என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

முப்பது வருஷம் ஊரார் பிழையைத் திருத்தியவர் வாய்க்கு வந்ததைச் சொல்வாரா? ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். மேல் வரிசையில் மகள் சிந்திய சிவப்பு நகப்பூச்சு. நடு வரிசையில் தேய்ந்த எழுத்துகள். எத்தனை வேலைக்கு விண்ணப்பம் தட்டியிருப்பாள்! ‘எஸ்’ மட்டும் அழுந்தியது, எழவில்லை.

அப்பாடா என்றிருந்தது. இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

“எஸ் சிக்கிக்கிது” என்று அனுப்பினார்.

“லேசா சுத்தம் பண்ணிக் கொடுங்க” என்றது ரோஜாப்பூ.

கரண்டிக் காம்பால் நெம்பினார். எஸ் துள்ளிப்போய் அலமாரிக்கு அடியில் மறைந்தது. அது இருந்த இடத்தில் பழைய பிஸ்கட் தூள். “கொறிக்காம ஒரு வரி தட்டமாட்டா” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ஒன்றைக் கழற்றிய கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி மாட்டினார். என்டரைத் தட்டினால் கணினித் திரையில் 9999 என்று கொட்டியது. ஈரம்தான் காரணமென்று இஸ்திரிப் பெட்டியை மேலே பிடித்தார். ஸ்பேஸ் விசை வில்லாக வளைந்தது.

“என்னங்க பண்றீங்க?” சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“சரி பார்க்கறேன்.”

“போதும். இன்னும் சரி பார்த்தா ஒண்ணும் மிஞ்சாது.”

தொழில் புத்தி போகுமா? ஒளிக்காமல் எழுதி அனுப்பினார். “பிழைதிருத்தம்: எஸ் காணவில்லை. என்டர் என்று இருப்பதை ஒன்பது என்று கொள்க. ஸ்பேஸ் வளைந்துவிட்டது, வருந்துகிறோம்.”

“பரவாயில்லைங்க. இனிமே தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க. கூரியர்காரர் வருவார்.”

அரை மணியில் வந்துவிட்டார். ப்ரூஃப் ரீடர் விசைப்பலகையைப் பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தார். நீட்டினார், ஆனால் விடவில்லை.

“பத்திரமா கொண்டுபோப்பா. எங்க பொண்ணோடது.”

கூரியர்காரர் செல்பேசியைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், மறுபடி செல்பேசியைப் பார்த்தார்.

“எங்க சார் கொண்டுபோறது? எடுக்கறதும் இந்த வீடு, கொடுக்கறதும் இந்த வீடு. உள்ளே அம்மாவைக் கூப்பிடுங்க, வாங்கிக்கிட்டதா அவங்கதான் கையெழுத்து போடணும்.”