தம்புராக் குடத்தில் ஏறிய தோடி

நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாதவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். கை இருக்கிறதே! என் கை செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். ஜலகண்டாபுரத்தில் எங்களுக்கு இரண்டு தறி. நெய்யும்போதே அப்பா வாயில் பாட்டு ஓடும். அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் கோயில் மேடையில் பாட அவருக்கு முதல் தடவையாக இடம் கொடுத்தார்கள். அவருடைய பாட்டு வாத்தியார் (தம்புராவைத் தொட்டால் தன்னையே கிள்ளியதுபோலக் கத்துபவர்) சேலத்திலிருந்து அதை நம்பிக் கொடுத்தனுப்பினார்.

பத்து நாளாக வீட்டில் தோடி ராகம்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. கேட்கக் கேட்க அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. கீழே நீலம், நெளிந்து ஏறும்போது பச்சை, உச்சியில் சிவப்பு. வாயால் சொல்ல வெட்கம். கச்சேரி அன்று எல்லாரும் சந்தைக்குப் போன நேரம், பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியில் மிச்சச் சாயத்தைக் கலக்கி, தம்புராக் குடத்தின்மேல் தோடியை ஏற்றிவிட்டேன். (நெசவுக்காரர் மகளுக்கு வேறு வண்ணம் ஏது?) பூ இல்லை, மயில் இல்லை, வெறும் கோடும் புள்ளியும். அப்பா பூரித்துப்போவார் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அப்பா வந்து பார்த்தார்.

"ஏம் புள்ளே, இதென்ன பூரானா?"

"தோடிங்கப்பா."

கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. கழுவினால் தம்புரா கெட்டுவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். "படம் போட்ட பக்கத்தை எம்பக்கம் திருப்பி வெச்சுக்கறேன். வாத்தியார் முன்னாலயே உக்காந்திருப்பாரு. நீ மூச்சு உட்றாத சாமி" என்றார்.

குடத்தைத் தொடையோடு அணைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடினார். சித்திரைப் புழுக்கம். வேர்வையில் கஞ்சி இளகியது யாருக்குத் தெரியும்? பாடி முடித்துக் கும்பிட எழுந்தார். வெள்ளை வேட்டியில், தொடை அகலத்துக்கு, என் தோடி!

கூட்டம் முழுக்க நெசவுக்காரர்கள். "ஏனுங் மாமா, இந்தப் புதுக் கரை எந்தத் தறியில ஓடுதுங்க?" என்றார் ஒருவர்.

வாத்தியார் மேடையேறித் தம்புராவைத் திருப்பினார். "யார் பண்ண வேலை இது?"

அப்பா வேட்டியைத் துண்டால் மறைத்தார். அவர் மானம் போகிறதே என்று நான் தூண் மறைவிலிருந்து வெளியே வந்தேன். "நான்தானுங்க. அப்பா பாடற தோடிங்க."

வாத்தியார் விரலால் கோட்டைத் தொடர்ந்து போனார். முகத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. "அது சரி. உச்சிக்குப் போற எடத்துல ஏன் கோடு இப்படி நடுங்குது?"

"அங்க அப்பாவுக்குச் சுதி வழுக்குமுங்க. தெனமும் அங்கதானுங்க."

கூட்டத்தில் நான் பேசியது ஆயுசுக்கும் அவ்வளவுதான். பந்தல் கிழியச் சிரித்தார்கள். "ரெண்டு வருசமா இதை எப்படிச் சொல்றதுன்னு நானே தயங்கிட்டிருந்தேன்" என்று வாத்தியாரும் சிரித்துவிட்டார். ஈரத்துணியால் குடத்தை ஒரு துடை துடைத்தார், எல்லாம் போய்விட்டது. (அதை முன்பே செய்திருக்கலாம்.) வேட்டியில் இருந்ததுதான் கடைசிவரை போகவில்லை.

அப்பா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் தறியில் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறியவர் சட்டென்று நிறுத்தினார்.

"இப்பக் கோடு எப்படி சாமி?"

"நடுங்குதுங்கப்பா."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதுச் சேலையோ, புது மருமகளோ, புதுக் குழம்போ, எதைப்பற்றியும் என்னிடம் அபிப்பிராயம் கேட்க விடமாட்டார்கள். "அத்தைகிட்ட மட்டும் கேட்றாதீங்க. வாயைத் தொறக்காது, வரைஞ்சு காட்டிப்போடும்!"