மிஸ்டர் ட்ரம்மண்டுக்கு ஒரு பார்ட்னர்

மேசையில் வைத்த பிறகுதான் கிளெனிஸ் அந்தச் சீட்டைச் சரியாகப் பார்த்தாள். ஐந்து ஆட்டின்.

அவள் வைக்க நினைத்தது ஐந்து டைமன். ஏலப் பெட்டிக்குள் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். நடுங்குகிற விரலுக்கு எது அகப்படுகிறதோ அதுதான் வரும்.

எதிரே உட்கார்ந்திருந்த மிஸ்டர் ட்ரம்மண்ட் அப்போதுதான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வாயால் அல்ல. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலம் முடிகிற வரை பார்ட்னரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது; பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து வைத்துத்தான் பேச வேண்டும். அவர் 'நாலு நோ டிரம்ப்' வைத்தால், 'உன் கையில் எத்தனை ஏஸ்?' என்று அர்த்தம். ஐந்து டைமன் என்று பதில் வைத்தால் ஒன்று. ஐந்து ஆட்டின் என்றால் இரண்டு. கிளெனிஸின் கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

கை தவறிவிட்டது என்று உடனே ஆட்டத்தை நடத்துகிற டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் மிஸ்டர் ட்ரம்மண்ட் 'ஏழு இஸ்பேட்' வைத்துவிட்டார். பதின்மூன்று பிடியையும் நாங்களே எடுப்போம், ஒன்றுகூட விடமாட்டோம் என்று சபதம் போட்டாகிவிட்டது.

இனி அவர் ஆடுவார். அவருடைய பார்ட்னர் தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். செய்த தப்பைத் தன் கையாலேயே விரித்துக் காட்ட வேண்டிய ஆட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று கிளெனிஸுக்குத் தோன்றியது. பரப்பினாள். எதிர் ஜோடியில் ஒருத்தி முதல் சீட்டாகப் போட்டிருந்த டைமன் ஏஸ் முதல் பிடியை அள்ளிக்கொண்டு போனது. சபதம் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

ட்ரம்மண்ட் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகம் இல்லை, அதுதான் பயமே. தன் முன்னாலிருந்த மூன்று பென்சில்களை மேசை ஓரத்தில் வரிசையாக, இம்மி பிசகாமல் அடுக்கினார்.

"ஒரு ஏஸ்" என்றார்.

"ஆமாங்க டாக்டர்."

"மிஸ்டர். சர்ஜன்னா மிஸ்டர்தான்."

"ஆமாங்க மிஸ்டர் ட்ரம்மண்ட்."

"ரெண்டுன்னு சொன்னீங்க."

"எண்ணிக்கை தப்பிப்போச்சுங்க."

"ம்." சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து ஏதோ எழுதினார். "வெள்ளிக்கிழமை எந்தப் பக்கம்? இடதுதானே?"

"இடதுதான்."

"நிச்சயமாவா? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க."

கிளெனிஸ் மேசைக்கு அடியில் தன் இடது இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கிளெனிஸ் ட்ரெகென்சாவின் இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. கோதுமைக் கிடங்கின் எடை மேடையில் முப்பது வருஷம் ஏறி இறங்கியதற்கு அது கொடுத்த பரிசு. புது மூட்டு வைக்கப் பெயர் கொடுத்துவிட்டுப் பதினாலு மாதம் காத்திருந்தாள். ஒருவழியாக ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. அதில் நாலு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் 'திரு. ஆலிஸ்டர் ட்ரம்மண்ட், அறுவை சிகிச்சை நிபுணர்' என்று இருந்தது. அதற்கு மேல் படிக்க அவளுக்குத் தெம்பில்லை, மடித்துக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டாள்.

ஹார்ஷம் ஊரில் புதன்கிழமை மத்தியானம் சீட்டாடாத வயசாளியைப் பார்ப்பது கஷ்டம். கிளெனிஸ் எப்போதும் தோழி ஃபேயுடன் ஆடுவாள், எப்போதும் கடைசிக்கு முந்தின இடத்தில் வருவாள், சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். இன்று கிளப்புக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்ததும், டைரக்டர் மெர்ல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஃபேக்குக் காய்ச்சல். கென்னோட கார் டிம்பூலா ரோட்டுல கங்காரு மேல மோதிடுச்சாம். மிச்சம் இருக்கிறது நீயும் கென்னோட பார்ட்னரும்தான். போய் உக்காரு."

"கென்னோட பார்ட்னர் யாருடி?"

மெர்ல் கண்ணால் காட்டினாள். கிளெனிஸ் ஊன்றுகோலை வாசல் பக்கம் திருப்பினாள்.

"மெர்ல், வெள்ளிக்கிழமை அவர்தான் என் இடுப்பைத் திறக்கப்போறார்!"

"நல்லதாப் போச்சு. முன்னாடியே பழகிக்கோ."

இப்படித்தான் அவள் அந்த நாற்காலியில் வந்து மாட்டிக்கொண்டாள். இரண்டே நாளில் தன் மேல் கத்தி வைக்கப் போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எரிச்சல் மூட்டாமல் மூன்றரை மணி நேரத்தைத் தள்ள வேண்டும். முதல் சுற்றிலேயே ஏழு இஸ்பேட்.

இனி அதிகம் கேட்டால்தானே வம்பு என்று கிளெனிஸ் முடிவு செய்தாள். என்ன கை வந்தாலும் அடக்கி வாசிப்பது.

அடுத்த சுற்றில் ட்ரம்மண்ட் ஒரு ஆட்டினில் ஆரம்பித்தார். கிளெனிஸின் கையில் ஆட்டினும் இருந்தது, ராஜா ராணிகளும் இருந்தார்கள். தாராளமாக நாலுக்கு, அதாவது பத்துப் பிடிக்கு, போயிருக்கலாம். அவள் பயந்து பயந்து 'இரண்டு ஆட்டின்' என்று, எட்டே பிடிக்கு, வைத்தாள். இவளிடம் ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆடிப் பார்த்தால் மளமளவென்று பத்துப் பிடி வந்தது.

"பாருங்க, பத்து வந்துடுச்சு!" என்றாள் கிளெனிஸ், ஆறுதலாக.

"எட்டுதான் கேட்டோம்" என்றார் ட்ரம்மண்ட். "மத்த ஆறு மேசையிலயும் நாலு கேட்டிருப்பாங்க. இதே சீட்டு. அவங்களுக்கெல்லாம் மார்க். நமக்கு முட்டை."

டூப்ளிகேட் ஆட்டத்தின் கொடுமை அது. சீட்டுகளை ஒரு தட்டில் அடுக்கி மேசை மேசையாக அனுப்புவார்கள். எல்லா மேசைக்கும் அதே கைதான் வரும். சீட்டு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே கிடையாது.

"இவ்வளவு பயந்தா எப்படி?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி நோட்டை எடுத்தார். அந்த நோட்டில் தன் இடுப்பின் படம் இருக்கும், அதில் இப்போது எங்கோ ஒரு கோடு மாறியிருக்கும் என்று கிளெனிஸ் உறுதியாக நம்பினாள்.

தேநீர் இடைவேளை வந்தது. விளையாட்டில் போனதை உபசாரத்தில் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தானே தேநீர் எடுத்துப் போனாள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கோப்பை. மேசைக்கு ஒரு அடி இருக்கும்போது இடுப்பு சுளீரென்றது. கோப்பை சாய்ந்தது.

கூடத்தில் இருபத்தேழு பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

"எந்தக் கை?" என்று கத்தினாள் மெர்ல்.

"வலது" என்றார் ட்ரம்மண்ட், சிவந்துபோன விரல்களைப் பார்த்தபடி.

கிளெனிஸுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும் செலவாவது மிச்சம்.

அப்போது பழுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் சத்தமில்லாமல் வந்து, ஈரத் துணியில் ஐஸ் கட்டி சுற்றி ட்ரம்மண்டின் கையில் வைத்து அழுத்தினார். நோயெல் சிப்லி. மனைவி ஐரிஸோடு ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. காதருகே வந்து பேசினாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டிய குரல். பாவம் போல இருப்பார். இன்று அந்த ஜோடிக்கு அதிர்ஷ்டம், முதல் முறையாக முதலிடத்தில் இருந்தார்கள். ஐரிஸ் சுவரில் ஒட்டிய தாளைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐஸ் வைத்து முடித்ததும் நோயெல் கிளெனிஸ் பக்கம் திரும்பினார். அவள் ஓட்ஸ் பிஸ்கட் ஒன்றைக் கடித்துக் கவலையை மென்றுகொண்டிருந்தாள்.

"மிஸஸ் ட்ரெகென்சா, ஒண்ணு கேக்கலாமா? பல்லெல்லாம் உங்க சொந்தப் பல்லுதானே?"

"என்னது?"

"ஆடுற பல்லு ஏதாவது..."

"ஒண்ணும் ஆடலை" என்றாள் கிளெனிஸ் வெடுக்கென்று. மனுஷி படுகிற பாட்டில் இந்த ஆளுக்குக் கிண்டல் வேறு.

கடைசிச் சுற்றில் அந்த நோயெலும் ஐரிஸுமே அவர்கள் மேசைக்கு வந்தார்கள். மூன்று ஆட்டம் பாக்கி. ட்ரம்மண்டின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. கிளெனிஸ் ஒரு யோசனை செய்து வைத்திருந்தாள். இந்த மனிதர் பென்சிலைக்கூட நேர்கோட்டில் அடுக்குகிறவர். ஒழுங்குதான் அவருக்கு உயிர். விதி என்றால் விதி என்று நிற்கிற பார்ட்னரை அவருக்குப் பிடிக்காமல் போகுமா?

முதல் ஆட்டத்தின் நடுவில் அவள் வலி தாங்காமல் நாற்காலியில் நெளிந்தாள். நோயெல் அதைக் கவனித்து, தன் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன மெத்தையை உருவி அவள் பக்கம் நீட்டினார். நீட்டியபடியே, ஆட்டினுக்கு ஆட்டினையே போட வேண்டிய பிடியில், கையில் அது இருக்க, கவனக் குறைவாகக் கிளாவரைப் போட்டுவிட்டார்.

கிளெனிஸ் மெத்தையை வாங்கி இடுப்புக்கு அண்டை கொடுத்துக்கொண்டாள். அப்புறம் கையைத் தூக்கினாள்.

"டைரக்டர்!"

மெர்ல் வந்தாள். "என்ன?"

"ஆட்டின் வச்சுக்கிட்டே கிளாவர் போட்டார். அடுத்த பிடியிலயே அந்த ஆட்டின் வெளிய வந்துடுச்சு."

"அப்படியா நோயெல்?"

"ஆமா" என்றார் நோயெல், தரைக்குக் கேட்கிற மாதிரி.

"ரெண்டு பிடி அபராதம்."

ட்ரம்மண்டின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா? சிரிப்புதான்! கிளெனிஸுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் ஒரு கொட்டாவி விட்டாள். நோயெல் தன் சீட்டை விட்டுவிட்டு அவளுடைய திறந்த வாயையும் கழுத்தையும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நினைவு வந்து 'பாஸ்' வைத்தார். தன் முறை வந்ததும் ஐரிஸ் 'மூன்று டைமன்' வைத்தாள்.

"டைரக்டர்! இவர் ரொம்ப நேரம் யோசிச்சார். யோசிக்கிறதே பார்ட்னருக்கு ஜாடை. அதை வச்சுத்தான் இந்தம்மா மூணு டைமன் கேட்டிருக்காங்க."

"நான் யோசிக்கலைங்க" என்றார் நோயெல். "அவங்க தாடையைப் பார்த்துட்டு..."

"பார்த்தியா மெர்ல்? இதெல்லாம் ஒரு பதிலா?"

மெர்ல் புத்தகத்தைப் புரட்டினாள். மூன்று டைமன் செல்லாது என்று தீர்ப்பானது. ஐரிஸின் முகம் சிவந்தது. "நாலு மாசத்துல இன்னிக்குத்தான்..." என்று ஆரம்பித்து, கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். கிளெனிஸுக்கு உள்ளே சின்னதாக உறுத்தியது. ஆனால் இடுப்பு அவளுடையது, கைக்குட்டை ஐரிஸுடையது.

மூன்றாவது ஆட்டத்தின் ஏலத்தில் நோயெல் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"மிஸஸ் ட்ரெகென்சா, தப்பா நினைக்காதீங்க. முதல்லயே சொல்லணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை..."

"டைரக்டர்! ஏலம் நடக்கிறப்போ பேசுறார்!"

"ஒரு நிமிஷம், நான் வந்து..."

"மறுபடியும் பேசுறார்!"

"நோயெல், ஒரே சுற்றுல மூணாவது தடவை" என்றாள் மெர்ல் சலிப்போடு. "இதுக்கும் மார்க் குறைக்கிறேன். வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு ஆடுங்க."

நோயெல் மூடிக்கொண்டார்.

முடிவுகள் திரையில் வந்தன. முதலிடத்தில் இருந்த சிப்லி தம்பதி ஆறாவது இடத்துக்கு இறங்கியிருந்தார்கள். ட்ரம்மண்டும் கிளெனிஸும் ஐந்தாவது. ஐரிஸ் யாரையும் பார்க்காமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"மோசமில்லை" என்றார் ட்ரம்மண்ட். "விதியெல்லாம் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. ஆனா ஏன் அப்படி நடுங்கினீங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கிளெனிஸ் கொட்டிவிட்டாள். "உங்க நோட்டைப் பார்த்துத்தாங்க. நான் தப்பு பண்ணப் பண்ண எழுதிக்கிட்டே இருந்தீங்களே."

அவர் நோட்டை விரித்துக் காட்டினார். "இது என் தப்புக. ஏழு இஸ்பேட் வைக்கிறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பார்த்திருக்கணும், அது முதல் தப்பு. இன்னிக்கு மொத்தம் எட்டு." சுற்றியிருந்த துணியை அவிழ்த்து விரல்களை மடக்கி நீட்டினார். "கையும் சரியாப் போச்சு. மிஸஸ் ட்ரெகென்சா, சீட்டு வேற, தொழில் வேற. நிம்மதியாப் போய்த் தூங்குங்க."

கிளெனிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றரை மணி நேரம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போயிற்று. வீணாக இந்த நல்ல மனிதரைப் பார்த்து என்ன பயம் பயந்துவிட்டோம்! ஒரு லாமிங்டன் கேக்கைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இடுப்பு வலிகூடத் தெரியாமல் வாசலுக்கு வந்தாள்.

அங்கே நோயெல் நின்றுகொண்டிருந்தார். கையில் அவள் மறந்துவிட்டு வந்த ஊன்றுகோல்.

வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் கூச்சமெல்லாம் வரும்.

"ஆட்டம்னா அப்படித்தாங்க நோயெல், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். "ஆமா, ஏதோ வெள்ளிக்கிழமைன்னு சொல்ல வந்தீங்களே, என்னது?"

நோயெல் கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க. அன்னிக்கு உங்களைத் தூங்க வைக்கிறது நான்தான். முடிஞ்சப்புறம் எழுப்ப வேண்டியதும் நான்தான்."