சாக்பீஸ் அக்காவும் நான் போட்ட வட்டமும்

ஓசூரில் குறை சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்ப முடியாத வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சாக்பீஸ் அக்காவின் வாசல்.

அவருடைய உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கெலமங்கலத்துக்காரர். இங்கே ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு வார்ப்பில் விரிசல் கண்டால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கி வைப்பது அவர் வேலை. அவர்தான் ஓய்வு பெற்றார், சாக்பீஸ் பெறவில்லை. மற்றவர்கள் சாவிக்கொத்து செருகும் இடத்தில் அவர் அதைச் செருகியிருப்பார். டவுன் பஸ்ஸில் கிழிந்த சீட்டைக் கண்டால் ஒரு வட்டம். பால்காரரின் நசுங்கிய கேனுக்கு ஒரு வட்டம். ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் கோட்டில் இருந்த குங்குமக் கறைக்கும் வட்டம் போட்டுவிட்டு, "வாழ்த்துக்கள்" என்று சொல்லிச் சாப்பிடப் போனார். திட்டுவது கன்னடத்தில், எண்ணுவது தெலுங்கில், வேலை வாங்குவது ஆங்கிலம் கலந்த தமிழில். வயதில் மூத்தவனான நானும் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். மாப்பிள்ளைக்கே வட்டம் போட்டவரிடம் வயதுக் கணக்கு பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தார். பழைய புடவை, தையல் கடைத் துண்டு, நைந்த யூனிஃபார்ம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் அடுக்கு வைத்து, கையாலேயே நூல் ஓட்டுவார். யூனிஃபார்ம் சட்டையின் பாக்கெட்டை மட்டும் பிரிக்கவே மாட்டார். போர்வைக்கு எதற்குப் பாக்கெட் என்று கேட்டேன்.

"காலையில எழுந்ததும் கண்ணாடி எங்க, கண்ணாடி எங்கன்னு வீட்டையே எழுப்பறீங்களே சார், அதுக்குத்தான்."

இப்படிப்பட்ட போர்வையைப் பார்த்துவிட்டு ஊர் வாயை மூடிக்கொண்டிருக்குமா? தளியிலிருந்து வந்த அவருடைய நாத்தனார் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தார்: "இன்னா அண்ணி இது, பிச்சைக்காரன் சட்டையாட்டம் இருக்குது!"

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அக்கா இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"எங்க? மார்க் பண்ணு."

"அய்யோ, பொதுவா சொன்னேன் அண்ணி."

"பொதுவா சொல்றத எல்லாம் கம்ப்ளெயிண்ட்டா எடுத்துக்க மாட்டேன். எடத்தக் காட்டு."

நாத்தனார் தயங்கித் தயங்கி ஒரு பச்சைத் துண்டைச் சுற்றி வட்டம் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை இழுத்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தையல் வுட்டிருக்குதா? இல்ல. துணி நைஞ்சிருக்குதா? இல்ல. பச்ச உனக்குப் புடிக்கல, அவ்ளோதான். அது உன் டேஸ்ட்டு. டேஸ்ட்டுக்கு இங்க ரீவொர்க் கெடையாது. காப்பி ஆறுது, குடி."

நியாயமான குறை என்றால் நடப்பதே வேறு. எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை தையல் விட்டுப்போன மூலையைச் சரியாகக் காட்டிவிட்டார். அக்கா அவருக்கு மைசூர்பாகு கொடுத்துப் பாராட்டி, அங்கேயே ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டு, "இந்த முனையப் புடிங்க" என்றார். விளக்கு வைக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அதன் பிறகு எந்த வீட்டிலும் எதையும் கூர்ந்து பார்ப்பதில்லை.

இனி என் கதை. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டே தலை நரைத்தவன். அக்கா பொருளுக்கு வட்டம் போட்டார், நான் ஆளுக்குப் போட்டேன். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு பொங்கல் வர வேண்டியிருந்தது.

அன்று குடியிருப்புக் கூடத்தில் பெண்களின் கைவேலைகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பேராசிரியர் என்பதால் மைக் என் கையில். ஒரு ஒட்டுப் போர்வையின் முன் நின்றேன். "துணிக்கடையில பூகம்பம் வந்தா இப்படித்தான் இருக்கும்" என்றேன். கூடம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா கனவுகூட ஒட்டுப் போட்டுத்தான் வரும்!"

சாக்பீஸ் அக்கா எழுந்து வந்தார்.

"பேசுனது போதும் சார். மார்க் பண்ணுங்க."

நானா பயப்படுவேன்? சாக்பீஸை வாங்கி, மூலைக்கு மூலை, போர்வை முழுவதையும் வளைத்து ஒரு பெரிய வட்டம் போட்டேன். கைதட்டல்.

அக்கா வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொத்தமுமே ரிஜெக்ட்டா? எங்க கம்பெனியில ஒருத்தர் மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணா, மொதல்ல அவரு கண்ணத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்."

கூடம் இன்னும் பலமாகச் சிரித்தது, இந்த முறை என்னைப் பார்த்து. "யாரு தச்சது அக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நான்தான், ஏன்?" என்றார் அக்கா. மூன்றாம் வரிசையில் இருந்த என் மனைவி பத்மா தலைவலி என்று எழுந்து போனாள்.

வீட்டுக்குப் போனேன். பத்மா சமையலறையில் முதுகைக் காட்டி நின்றாள்.

"நடுவுல நீலக் கட்டம் போட்ட துணி இருந்துச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"உங்க சட்டைங்க. காலேஜுக்குப் போட்டுட்டுப் போவீங்களே."

நான் மதியம் தூங்கும் நேரமெல்லாம் அவள் மூன்றாம் மாடிக்குப் போய் அந்தப் போர்வையைத் தைத்திருக்கிறாள்; அவள் பெயர் வெளியே வராமலிருக்கத்தான் அக்கா கூடத்தில் "நான்தான்" என்றிருக்கிறார். எங்கே போகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "இனிமே ஊசியத் தொட மாட்டேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, நூல் டப்பாவைக் கொண்டுபோய் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் அக்காவிடம் ஓடினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார்? மைக்ல குடுத்த கம்ப்ளெயிண்ட்டு. மைக்லதான் வாபஸ் வாங்கணும்."

"போர்வையைக் குடுங்க, அந்த வட்டத்தையாவது தொடச்சிடறேன்."

"கைய எடுங்க! மார்க் பண்ண பீஸ யாரும் தொடைக்கக் கூடாது. அது செஞ்சவங்க கைக்குத்தான் திரும்பிப் போவணும். அதான் ரூலு."

குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் மைக்கை வாங்கினேன். "அந்தப் போர்வை என் மனைவி தைத்தது. அதில் குறை எதுவும் இல்லை. குறை, வட்டம் போட்டவனிடம்தான்" என்றேன். நகைச்சுவை எதுவும் சேர்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரை அதுதான். பத்மா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அன்று மாலை அக்கா போர்வையோடும் நூல் டப்பாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லை. வட்டத்தின் மேல் விரலை ஓட்டி, "பத்மா, இந்தக் கோட்டப் பாரு. சார் கோணலாப் போட்டாலும் நீளமாப் போட்டிருக்காரு. நூல் ஓட்ட நல்லாயிருக்கும். இன்னா கலரு போடலாம்?" என்றார்.

பத்மா நூல் டப்பாவைத் திறந்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"செவப்பு" என்றாள்.

ஓசூர்க் குளிருக்கு இப்போது நான் போர்த்திக்கொள்வது அந்தப் போர்வையைத்தான். நான் ஏளனமாகப் போட்ட கோட்டின் மேல் நெருக்கமாகச் சிவப்புத் தையல் ஓடுகிறது. கோணலைக்கூட பத்மா திருத்தவில்லை. யாராவது கேட்டால், "அது அவரு கையெழுத்து" என்கிறாள்.

போன வருடம் அக்கா தளிக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது ஓடிப்போய், "அக்கா, உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட்" என்றேன்.

"இன்னா?"

"எங்களையெல்லாம் விட்டுட்டுப் போறீங்க."

வண்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு இடுப்பிலிருந்து சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"மார்க் பண்ணுங்க சார்."

வாங்கிக்கொண்டேன். எங்கே போடுவது என்று இன்னும் தெரியவில்லை. போர்வையில் பத்மா பிரிக்காமல் விட்ட என் சட்டைப் பாக்கெட்டில், என் கண்ணாடிக்குப் பக்கத்தில், அதை வைத்திருக்கிறேன்.