பாதிக் கடலும் ஒரு கோழிமுட்டையும்

தெரியாத காரியத்தில் நான் இதுவரை பெரிதாகக் கெட்டுப்போனதில்லை. தெரியாது என்றால் நாலு பேரைக் கேட்டுவிடுவேன். நன்றாகத் தெரியும் என்று நினைத்த காரியங்கள்தான் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கின்றன.

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு நின்றவன். உங்களுக்குப் பாடம் நடத்தும் யோக்கியதை எனக்கில்லை. உப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு டீச்சருக்கும் எதிரில் நான் செய்த காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். இங்கே ராகி விளையும், மாங்காய் காய்க்கும், ஏரியில் தண்ணீர் நின்றால் நெல்லும் உண்டு. கடல் மட்டும் கிடையாது. அப்போது நான் கடலை நேரில் பார்த்ததே இல்லை. (பெங்களூரில் செண்ட்ரிங் வேலை செய்தபோது ஒரு பெரிய ஏரியைப் பார்த்து, கடலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன்.)

ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. வீட்டிலேயே, குறைந்த செலவில், ஒரு தொட்டியில் இறால் வளர்ப்பது எப்படி என்று ஒருவர் காட்டினார். நல்ல தண்ணீரும் வேண்டாம், முழுக் கடல் தண்ணீரும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் உவர்ப்பாக இருந்தால் போதும் என்றார். அதை நான் எட்டு முறை பார்த்தேன். எட்டாவது முறை பார்க்கும்போது என் மகள் யாழினியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் அப்போது ஆறாம் வகுப்பு.

"ப்பா, நம்ம வூட்டுலயும் செய்யலாமா?"

"செய்யலாம் சாமி. என்ன பெரிய வேலை."

அந்த ஒரு வார்த்தையை நான் சும்மா சொன்னேன். அவள் சும்மா கேட்கவில்லை. மறுநாளே வகுப்பில், "எங்கப்பா கடல் தண்ணியே செய்யப்போறாரு, நாங்க எறா வளக்கப்போறோம்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. முன் பெஞ்சில் ஒரு பிள்ளை, "புளுகறதுக்கும் ஒரு அளவு இருக்குது" என்றிருக்கிறாள். அன்று முதல் யாழினிக்குப் புளுகுணி என்று பெயர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்திருக்கவில்லை.

சமூக அறிவியல் டீச்சர் நல்ல மனுஷி. பிள்ளை முகம் வாடியதைப் பார்த்து, "அடுத்த வாரம் சனிக்கிழமை எல்லாரும் யாழினி வூட்டுக்குப் போயிப் பாப்போம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடிதான இருக்குது" என்று சொல்லிவிட்டார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

ஆக எனக்கு ஒன்பது நாள் இருந்தது. என் மகள் புளுகுணியா இல்லையா என்பது ஒன்பது நாளில் தெரிந்துவிடும். செய்தே தீருவது என்று இறங்கினேன்.

முதலில் தொட்டி. எங்கள் வீட்டில் ஓடாத பிரிட்ஜ் ஒன்று இருந்தது. என் மனைவி சாந்தி அதற்குள் புளியும் ராகி மாவும் வைத்திருந்தாள். (எலி ஏறாத அலமாரி ஊரில் அது ஒன்றுதான்.) அதை மல்லாக்கப் போட்டு, கதவைக் கழற்றிவிட்டால் அருமையான தொட்டி.

"மாவை எங்கீங்க வெக்கறது?" என்றாள்.

"நாலு மாசம் பொறுத்துக்க. எறாக் கொழம்பு வெக்கலாம்."

"எறாவே இன்னும் வரல. கொழம்பு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே மாவுச் சட்டியை எடுத்துக்கொடுத்தாள்.

பிரிட்ஜின் ஓட்டை ஒடிசல்களை எம்சீல் வைத்து அடைத்தேன். அடியில் ஒரு ஓட்டைக்கு மட்டும் கட்டை வைத்து அடைத்தேன், தண்ணீர் மாற்ற வசதியாக. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஊற்றி, மருந்து வாடை போக மூன்று நாள் திறந்து வைத்தேன். தர்மபுரியில் மீன் தொட்டிக் கடையில் காற்று மோட்டார் வாங்கி மாட்டினேன். அது குமிழி விட்டது. இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுக்கு என் பழைய சிநேகிதன் மூர்த்தியைப் பிடித்தேன். பெங்களூரில் என்னோடு வேலை பார்த்தவன். இப்போது சிதம்பரம் பக்கம் இறால் பண்ணையில் இருக்கிறான்.

"நூறு குஞ்சு தர்றேன்டா. சேலத்துக்கு வர்ற வேலை இருக்கு, பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்க" என்றான். "உப்பு மட்டும் பாத்துக்க. கடல் தண்ணில பாதிக்கும் கீழ இருந்தாப் போதும். அளக்க டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி இருக்கு, தரட்டுமா?"

"வேணாம்டா. அளக்கறதுக்கு எங்கிட்ட இருக்குது."

என்னிடம் இருந்தது முட்டை.

சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பதரையும் நல்ல நெல்லையும் உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் பிரிப்போம். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு புது முட்டையைப் போடுவோம். முட்டை அடியில் கிடந்தால் இன்னும் உப்புப் போட வேண்டும். மேலே வந்து நாலணா அளவுக்குத் தலை காட்டினால் சரி. பதினாறு வயதிலிருந்து நான் இதைச் செய்கிறேன். ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

அதனால் நான் இப்படிக் கணக்குப் போட்டேன். உலகத்திலேயே உப்பான தண்ணீர் கடல். ஆகவே கடலில் முட்டை முழுதாக மிதக்கும். பாதிக் கடல் என்றால் முட்டை பாதிதான் மிதக்க வேண்டும். அதாவது, அடியிலும் இல்லாமல் மேலேயும் வராமல் நட்டநடுவில் நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கை யாரிடமும் சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காரிமங்கலம் சந்தையில் கல்லுப்பு ஒரு மூட்டை கேட்டேன். கடைக்காரர், "தென்னைக்குங்களா?" என்றார். இல்லை என்றேன். "ஊறுகா யாவாரங்களா?" இல்லை என்றேன். எறாவுக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார். அவருக்கும் கடல் தெரியாதல்லவா.

மூன்று கிலோ போட்டேன். முட்டை அடியில் கிடந்தது. ஆறு கிலோ போட்டேன். கிடந்தது. பத்து கிலோ. முட்டை லேசாக நிமிர்ந்தது. (இந்த இடத்தில் சாந்தி வந்து, "போதுங்க, தாளிச்சுரலாம்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.) மூட்டையில் பாதிக்கு மேல் காலியானபோது முட்டை மெதுவாக எழுந்து, நடுத்தண்ணீரில் வந்து, அசையாமல் நின்றது.

பாதிக் கடல் தயார். யாழினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சனிக்கிழமை விடியும் முன்னே சேலம் போய், மூர்த்தியிடம் பையை வாங்கி வந்தேன். காற்று அடைத்த பிளாஸ்டிக் பைக்குள், சீரகம் நீந்துவதுபோல நூறு குஞ்சுகள். "நம்ம தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாப் பைக்குள்ள ஊத்திப் பழக்கிட்டு விடுடா" என்று சொல்லி அனுப்பினான். இரண்டு பக்கமும் பாதிக் கடல்தானே, பாதிக் கடலுக்குப் பாதிக் கடலை எதற்குப் பழக்குவது என்று அதையும் நானே ரத்து செய்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு டீச்சரும் பிள்ளைகளும் வந்தார்கள். அழைக்காமலே வந்தவர் ஒருவரும் இருந்தார். சாந்தியின் அண்ணன் மாதையன். பக்கத்து வயல்காரர். என்னைக் கிண்டல் செய்வதென்றால் நடவைக்கூட நிறுத்திவிட்டு வருவார்.

"என்னா மாப்ள, எறா எப்ப குதிக்கும்?"

"இருங்க மச்சான், பாக்கத்தான போறீங்க."

நான் முட்டையைக் காட்டி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். டீச்சர்கூடக் குறிப்பெடுத்துக்கொண்டார். அப்புறம், பிள்ளைகள் கையாலேயே விடட்டும் என்று தோன்றியது. சத்துணவுக்கு நிற்பதுபோல வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்து, பையிலிருந்து மொண்டு ஊற்றினேன். யாழினி பையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஆள், அதே முன் பெஞ்சுப் பிள்ளை, டம்ளரைப் பயபக்தியோடு தொட்டியில் சாய்த்தாள். இரண்டாவது, மூன்றாவது, பத்துப் பேர்வரை ஊற்றினார்கள்.

குஞ்சுகள் நிஜமாகவே குதித்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு குதிப்பது நின்றது. ஒவ்வொன்றாக மேலே வந்து, முட்டைக்கும் மேலே, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

"அங்கிள், எறா தூங்குதா?" என்றாள் முன் பெஞ்சுப் பிள்ளை.

"பிரயாணக் களைப்பு" என்றேன்.

மாதையன் எட்டிப் பார்த்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் எலுமிச்சை கடித்ததுபோல ஆனது.

"டீச்சரம்மா, எழுதிக்கோங்க. எல்லாரும் எறாவைப் புடிச்சிக் காயவெச்சிக் கருவாடு பண்ணுவாங்க. எங்க மாப்ள நேராக் கருவாட்டையே வளக்கறாரு."

இருபத்தோரு பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பதினோராவது டம்ளரை மொண்டுகொண்டிருந்தேன். ஏன் மொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை இந்தக் குஞ்சுகளாவது கொஞ்சம் கெட்டிக்காரக் குஞ்சுகளாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"ப்பா, நிறுத்து."

யாழினி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழவில்லை. பைக்குள் விரலை விட்டு நாக்கில் தொட்டுத் துப்பினாள். பிறகு தொட்டியில் தொட்டு, அதையும் துப்பினாள்.

"ப்பா, மூர்த்தி மாமா தண்ணி ரசம் மாதிரி இருக்குது. நம்ம தண்ணி ஊறுகா."

"முட்டை நடுவுலதான சாமி நின்னுச்சு" என்றேன். அந்த நேரத்திலும் முட்டையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"முட்டைய வுடு. பாதிப் பேரு இன்னும் பையில உசுரோட இருக்காங்க."

இறாலை அவள் இத்தனை பேர் என்று எண்ணுகிற ஆட்களாக்கிவிட்டாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கட்டையைப் பிடுங்கினேன். பாதிக் கடல் கொல்லைப்பக்கம் ஓடியது. ஒரு வாளி மட்டும் நிறுத்திக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு அதிகமில்லை. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒரு டம்ளர் ஊறுகாத் தண்ணி எடுங்க. அதுல எத்தன டம்ளர் கெணத்துத் தண்ணி சேத்தா ரசமாகும்னு பாப்போம். நாக்குல தொட்டுட்டுத் துப்பணும், யாரும் முழுங்கக் கூடாது" என்றார். மாதையனே போய்த் தன் கிணற்று மோட்டாரைப் போட்டார். பிள்ளைகள் குடத்திலும் வாளியிலும் சுமந்து வந்தார்கள். ஒன்றுக்கு மூன்று, இன்னும் கரித்தது. ஒன்றுக்கு ஐந்து, பரவாயில்லை. ஒன்றுக்கு ஆறு என்றதும் முன் பெஞ்சுப் பிள்ளை பைத் தண்ணீரையும் இதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்து, "ரசம் வந்துருச்சு டீச்சர்" என்றாள். என் இத்தனை வருட அனுபவம் அந்த நாக்குக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

தொட்டியைக் கழுவி, கட்டையை மறுபடி அடைத்து, அதே கணக்கில் நிரப்பினார்கள். இந்த முறை யாழினி அந்தத் தண்ணீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கினாள். ஒரு மணி நேரம். என்னைக் கிட்டே விடவில்லை. அப்புறம் மெதுவாகச் சாய்த்தாள். சீரகங்கள் ஓடி, அடியில் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூட மிதக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியவற்றில் பல மெல்லப் போய், கடைசியில் பதினேழு நின்றன. நான்கு மாதத்தில் விரல் நீளம் ஆயின. யாழினி அவற்றில் மூன்றைக் கண்ணாடி பாட்டிலில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு யாரும் அவளைப் புளுகுணி என்று சொல்லவில்லை. கருவாட்டுக்காரர் மகள் என்றுதான் சொன்னார்கள். அதற்கு அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. குழம்பு வைக்க மட்டும் கடைசிவரை விடவில்லை. உப்புத் தண்ணீர் ஓடிய இடத்தில் இருந்த கறிவேப்பிலை மரம் பட்டுப்போனதைச் சாந்தி இன்னும் மன்னிக்கவில்லை.

நானும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "கடல்ல முட்டை மிதக்கும். மூர்த்தி தண்ணிலதான் உப்பு கம்மி" என்று வருடக்கணக்கில் வாதாடினேன்.

போன வருடம் மூர்த்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு போனோம், மாதையனும் கூடவே வந்தார். அங்கிருந்து கடற்கரை பக்கம். முதல் முறையாகக் கடலைப் பார்த்தேன். அப்படியே வாயைத் திறந்து நின்றிருந்தபோது, மாதையன் மடியிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு முட்டையை எடுத்தார். ஊரிலிருந்தே உடையாமல் கொண்டு வந்திருக்கிறார். யாழினி ஒரு வாளி நிறையக் கடலை மொண்டு வந்தாள். எல்லோரும் சுற்றி நின்றோம். முட்டையை நானே விட்டேன்.

கல் போல அடியில் போய் உட்கார்ந்தது. கையால் கலக்கிவிட்டேன். திரும்பவும் உட்கார்ந்தது.

மாதையன் கடலை ஒரு முறை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தார்.

"மாப்ள, கடலுக்கு உப்பு பத்தல. சந்தைக்கு ஆள் அனுப்பி ஒரு மூட்டை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலில் இரண்டே அளவுகள்தான். குழம்பில் உப்பு குறைந்தால் சாந்தி தட்டைப் பார்த்து, "இன்னைக்குக் கடல் அளவு" என்பாள். உப்பு கரித்தால் யாழினி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டே சொல்வாள்: "ம்மா, இன்னைக்கு அப்பா அளவு."