டிக்னிஃபைட் ஒன்றே போதும்

மேசையின் தலைப்பக்கம் தலைமை எழுத்தர். அவருக்கு வலப்புறம் தட்டச்சு அம்மா. இடப்புறம் தபால் பிரிவு அக்கா, மடியில் பசைப் புட்டியோடு. சன்னலோரம், யாரை முன்னிட்டு இந்தக் கூட்டம் கூடியதோ அந்தக் குறட்டையார், நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வேறொரு கிளையில் ஆள் கேட்டிருந்தார்கள். நற்சான்று நான்கு மணித் தபாலில் போனால் குறட்டையார் போவார். போகாவிட்டால், தலைமை எழுத்தர் ஓய்வு பெறும்வரை இரண்டு பேர் வேலையையும் அவரே இழுக்க வேண்டும்.

"நல்ல உழைப்பாளின்னு அடிக்கட்டுமா சார்?" என்றார் தட்டச்சு அம்மா.

"பொய் இருந்தா மேனேஜர் கிழிச்சு எறிஞ்சிடுவாரும்மா."

குறட்டையார் ஒருமுறை உறுமி, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார். தலைமை எழுத்தருக்குப் பொறி தட்டியது.

"டிக்னிஃபைட்!"

"அப்படின்னா?"

"கண்ணியமானவர். அலட்டிக்க மாட்டார், பதற மாட்டார், யார்கிட்டயும் போய் நிக்க மாட்டார்."

"வேலைகிட்டயும்தான்," என்றார் அக்கா.

வெறும் சொல் போதாதென்று ஓர் உதாரணமும் சேர்ந்தது: கோப்பு அறைக்குள் தண்ணீர் புகுந்த அன்றும் இருக்கையைவிட்டு அசையாதவர்.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு நிதானமான ஆளை ஏன்யா அனுப்பணும்? உங்க நாற்காலியிலேயே உட்கார வெச்சிடலாமே!"

தலைமை எழுத்தர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு திரும்பினார். உதாரணத்தை நீக்கி, 'சற்றே மெதுவானவர்' என்று சேர்த்து எடுத்துப் போனார்.

"மந்தமான ஆளை இன்னொரு ஆபீஸ் தலையில கட்டறதா? மனசாட்சி வேணாம்?"

மணி மூன்றே முக்கால். தலைமை எழுத்தர் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார். மிஞ்சியது ஒரே வரி: 'இவர் மிகவும் டிக்னிஃபைட்.'

மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்... இதுல தப்புச் சொல்ல ஒண்ணுமில்ல." கையெழுத்து விழுந்தது.

அக்கா உறையை ஒட்டி, முத்திரை குத்தி, பையில் போட்டார். தபால் வண்டி தெருமுனை திரும்பும்வரை தலைமை எழுத்தர் வாசலிலேயே நின்றார்.

"அப்பாடா! எப்பேர்ப்பட்ட வார்த்தை! எங்கிருந்துதான் தோணுச்சோ எனக்கு!"

அக்கா விரலில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷம் முன்னாடி, உங்க பழைய ஆபீஸ் உங்களை இங்க அனுப்பினப்ப எழுதின லெட்டர்லயும் இந்த ஒரு வரிதான் சார் இருந்துச்சு. உறையைப் பிரிச்சவளே நான்தானே!"